அட்டைக்குழாய் ஒன்றின் வரலாறு: பழைய காரில் எது அசல்?

தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் எஞ்சினை எழுதுகின்றனர், உடற்கூட்டின் அழகை எழுதுகின்றனர், தொழிற்சாலையையும் தொழிலாளரையும் எழுதுகின்றனர். எஞ்சினின் வெப்பத்தைப் பயணியின் காலடிக்குக் கொண்டுவரும் காற்றுக்குழாயை எழுதியவர் அரிது. அதற்குக் காரணம் எளியது. எழுத வருபவரின் கைக்கு அது எட்டுவதில்லை. அறுபது ஆண்டு கடந்த ஒரு காரில் வார்ப்பிரும்பும் எஃகும் எஞ்சியிருக்கும். அட்டையாலும் துணியாலும் ஆன குழாயோ விரல் பட்டதும் உதிர்ந்துவிடும். உதிர்ந்த துண்டுகள் பட்டறைக் குப்பையோடு போய்விடும்.

இவ்வாறு நொறுங்கும் நிலையிலுள்ள குழாயைப் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா என்பது பழைய கார் வைத்திருப்போர் நாள்தோறும் எதிர்கொள்ளும் சிறு கேள்வி. அதற்குள் பொருள்களின் வரலாறும், நச்சியலின் வரலாறும், மரபுடைமைப் பாதுகாப்பு பற்றிய கோட்பாட்டு விவாதமும் அடங்கியுள்ளன. பொருள்சார் பண்பாடு, தொல்பொருள் பாதுகாப்பு, சட்ட வரலாறு பயிலும் மாணவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். முதன்மை எடுத்துக்காட்டாக ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரை எடுத்துக்கொள்கிறேன். காற்றுக்குழாயின் நிலையும் பயணியின் உயிரும் இவ்வளவு நெருக்கமாகப் பிணைந்த கார்கள் குறைவு.

1. குளிர் எப்போது பொறியியல் சிக்கலானது?

தொடக்ககாலக் கார்கள் கூரையும் பக்கச்சுவரும் இல்லாதவை. குளிர்நாடுகளில் அவற்றில் சென்றோர் குதிரைவண்டிக் காலத்து வழிகளையே கையாண்டனர். கம்பளியும் மென்மயிர்ப் போர்வையும் மேலே. சுட்ட செங்கல்லோ கரித்தணல் இட்ட தகரப்பெட்டியோ காலடியில். காரைச் சூடேற்றுவது உற்பத்தியாளரின் பொறுப்பு என்ற எண்ணமே அப்போது இல்லை.

மூடிய உடற்கூடு வந்ததும் நிலை மாறியது. அமெரிக்க உற்பத்தியில் மூடிய கார்களின் பங்கு 1919இல் சுமார் 10 விழுக்காடு. 1927இல் அது சுமார் 85 விழுக்காடாக உயர்ந்தது. எட்டே ஆண்டுகளில் கார் என்பது ஓடும் அறையாக ஆயிற்று. இதனால் இரு விளைவுகள் ஏற்பட்டன. அறை என்றால் கதகதப்பு வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது ஒன்று. உள்ளிருப்போரின் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த முன்கண்ணாடியில் படிந்து பார்வையை மறைத்தது மற்றொன்று. இரண்டாவது சிக்கல் வசதியைச் சார்ந்ததன்று, பாதுகாப்பைச் சார்ந்தது. 1960களின் இறுதியில் அமெரிக்கக் கூட்டாட்சிப் பாதுகாப்பு விதிகள் வகுக்கப்பட்டபோது, முன்கண்ணாடியின் பனியையும் மூட்டத்தையும் நீக்கும் ஏற்பாட்டுக்கெனத் தனி விதியே இடம்பெற்றது.

வெப்பத்துக்குப் பஞ்சமில்லை. அக்காலப் பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே இயக்கமாக மாற்றியது. எஞ்சியது குளிர்விக்கும் நீரிலும் காற்றிலும் புகைக்குழாயிலும் வெப்பமாக வெளியேறியது. வீணாகும் அவ்வெப்பத்தை உள்ளே கொண்டுவர ஒரு வழி மட்டும் போதும். அந்த வழியே நாம் பேசும் குழாய்.

ஃபோர்டு டி மாதிரிக் கார்களுக்குச் சந்தையில் விற்கப்பட்ட ஹீட்டர்களில் ஒரு வகை, புகைவழியைச் சுற்றிய தகரஉறையும் கால்பலகையில் வெட்டிய துளையும் மட்டுமே. பின்னர் எஞ்சினின் வெந்நீரைச் சிறு ரேடியேட்டருக்குள் ஓடவிட்டு, விசிறியால் காற்றை அதன் வழியே தள்ளும் முறை வந்தது. 1938இல் நாஷ் நிறுவனம் வெளிக்காற்றை உள்ளிழுத்து, வடிகட்டி, சூடேற்றி அறைக்குள் செலுத்தும் ஏற்பாட்டை அறிமுகப்படுத்தியது. காற்றின் வழி என்பதே வடிவமைப்பின் உறுப்பாக மாறிய கட்டம் இது.

ஆயினும் ஹீட்டர் எல்லாக் கார்களுக்கும் பொதுவான உறுப்பாகிவிடவில்லை. குளிர்நாடான பிரிட்டனில் 1962இல் வெளிவந்த எம்.ஜி.பி. காரில்கூடத் தொடக்கத்தில் அது தனிக்காசு கொடுத்துப் பெறவேண்டிய கூடுதல் பொருளாகவே இருந்தது. வேண்டுமானால் பொருத்தப்படும் ஒன்று, எடை குறைந்ததாகவும் மலிவானதாகவும், எந்த இடுக்கிலும் வளைத்து நுழைக்கக்கூடியதாகவும் இருக்கவேண்டும். குழாய்கள் நொய்ம்மையாக அமைந்ததற்கு இந்தப் பொருளியல் காரணம் முதன்மையானது எனக் கருதுகிறேன். செய்தவர்கள் அறியாமையால் அட்டையைத் தேர்ந்தெடுக்கவில்லை. சில ஆண்டுகளே ஓடி மறையும் வண்டிக்கு அது போதும் என்றே தேர்ந்தெடுத்தனர்.

2. எதனால் செய்தனர், எவ்வாறு அழிகிறது?

பழைய காற்றுக்குழாய்களைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம். கம்பிச்சுருளின் மீது துணி சுற்றிப் பூச்சிட்டவை. தடித்த தாளோ அட்டையோ, சில வேளைகளில் மெல்லிய அலுமினியத் தகட்டோடு சேர்த்து மடிப்புமடிப்பாகச் செய்தவை. அச்சில் அழுத்திய நார்ப்பலகையால் ஆனவை. பிற்காலத்தில் வார்த்த பிளாஸ்டிக்கால் ஆனவை.

தாளும் அட்டையும் அழியும் முறை ஆவணக்காப்பகத்தில் பணியாற்றியோருக்குப் புதிதன்று. செல்லுலோஸ் இழைகள் அமிலத்தாலும் ஈரத்தாலும் துண்டாகின்றன. வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. பழைய செய்தித்தாள் பழுத்து ஓரம் உதிர்வதும் எஞ்சின் அருகிலுள்ள அட்டைக்குழாய் உதிர்வதும் ஒரே வேதிவினை. குழாயில் அது வேகமாக நிகழ்கிறது, அவ்வளவே. துணிக்குழாயில் உட்கம்பி துருப்பிடித்துத் துணியை உள்ளிருந்து அறுக்கும். ரப்பர்ப் பூச்சு உயிர்வளியேற்றத்தால் இறுகி வெடிக்கும். மென்மையூட்டி சேர்த்த பிளாஸ்டிக்கில் அந்த மென்மையூட்டி ஆண்டுக்கணக்கில் கசிந்து வெளியேற, எஞ்சியது கண்ணாடிபோல் முறியும்.

ஆகவே குழாயின் அழிவே ஒரு சான்று. எந்த இடத்தில் கருகியுள்ளது, எங்கே எண்ணெய் ஊறியுள்ளது, எங்கே முன்னொருவர் நாடா சுற்றி ஒட்டியுள்ளார் என்பவை அக்கார் எவ்வாறு பயன்பட்டது, எந்த வகைப் பட்டறையில் எந்தப் பொருளைக்கொண்டு பேணப்பட்டது என்பதைக் காட்டும். மெருகேற்றிய வெளித்தகட்டில் இத்தகைய தடயங்கள் தங்குவதில்லை.

3. பீட்டிலின் காற்றுவழி

பீட்டிலின் எஞ்சின் பின்புறம் உள்ளது, காற்றால் குளிர்விக்கப்படுவது. வெந்நீர் இல்லாததால் வெந்நீர் ஹீட்டருக்கு வழியில்லை. எஞ்சினோடு சுழலும் விசிறி காற்றை உருளைகளின் மீது செலுத்தும். 1960களின் தொடக்கம் வரை அவ்வாறு எஞ்சினைத் தழுவிச் சூடேறிய காற்றே பயணியறைக்குள் விடப்பட்டது. எஞ்சினில் எண்ணெய் கசிந்தால் அதன் வாடையும் சேர்ந்தே வந்தது. 1963 மாதிரி ஆண்டில் இது மாற்றப்பட்டது. விசிறிக்காற்றின் ஒரு பகுதி தனியே பிரிக்கப்பட்டு, புகைக்குழாயைச் சுற்றியமைந்த வெப்பமாற்றிகளின் வழியே மட்டும் சென்று அறைக்குள் வந்தது.

இந்தப் புதிய ஏற்பாட்டில் காற்றுவழிக்கு நான்கு கட்டங்கள் உண்டு. முதலில் விசிறிக்கூட்டிலிருந்து வெப்பமாற்றிக்கு இறங்கும் இரு வளையும் அட்டைக்குழாய்கள். அடுத்து வெப்பமாற்றியும், அதை உடற்கூட்டோடு இணைக்கும் மடிப்புக்குழாயும். மூன்றாவதாகக் கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் உள்ளீடற்ற எஃகுச் சட்டங்கள். இறுதியாக அங்கிருந்து முன்கண்ணாடிக்கு ஏறும் மெல்லிய குழாய்கள்.

மூன்றாவது கட்டம் தனிக்கவனத்துக்குரியது. அந்த எஃகுச் சட்டம் காற்றுக்குழாயாகவும் உடற்கூட்டின் முதுகெலும்பாகவும் ஒரே வேளையில் பணியாற்றுகிறது. ஒரே தகட்டுக்கு இருவேலை தந்தது சிக்கனமான வடிவமைப்பு. ஆனால் பனிக்காலச் சாலைகளில் தூவப்படும் உப்பு அச்சட்டத்தை அரித்தபோது, கதகதப்பும் போயிற்று, வண்டியின் உறுதியும் போயிற்று. இன்று அதைச் சீரமைக்க முனைவோர் கதவுவாயிலுக்குக் குறுக்கே தற்காலிகத் தாங்கு கம்பிகளைப் பற்றவைத்த பிறகே பழைய சட்டத்தை வெட்டுகின்றனர். இல்லையேல் உடற்கூடு தொய்ந்து கதவு மீண்டும் பொருந்தாது.

2003 ஜூலை 30 அன்று மெக்சிகோவின் புவெப்லாவில் கடைசி வண்டி வெளிவந்தபோது மொத்த உற்பத்தி 2 கோடியே 15 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. இவ்வளவு பெருகிய ஒரு பொருளின் அட்டைக்குழாய் இன்று அரும்பொருளாகிவிட்டது. எண்ணிக்கை மிகுந்தால் தப்பிப்பிழைக்கும் என்ற நம் பொதுவான எண்ணத்தை இது திருத்துகிறது. எல்லாரிடமும் இருந்த மலிவான பொருளையே எவரும் எடுத்துவைப்பதில்லை.

4. மணமற்ற நச்சு

வெப்பமாற்றியினுள் ஓடும் புகைக்குழாயில் துருவால் ஓட்டை விழுந்தால், எரிவளியிலுள்ள கார்பன் மோனாக்சைடு வெப்பக்காற்றோடு கலந்து அறைக்குள் நுழையும். இவ்வளிக்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு உயிர்வளியைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இது இணைகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிளோட் பெர்னார் இதன் செயலை ஆராய்ந்தார். ஜான் ஸ்காட் ஹால்டேன் சுரங்க விபத்துகளை ஆய்ந்து, மனிதருக்கு முன்பே பாதிப்பைக் காட்டும் சிறு பறவைகளைச் சுரங்கத்தில் வைத்திருக்குமாறு பரிந்துரைத்தார். சுரங்கத் தொழிலாளியின் சாவிலிருந்து பெற்ற அறிவு, மூடிய காரின் குளிர்காலப் பயணிக்கும் உரியதாயிற்று.

எனவே பழைய வண்டி என்ற பற்றினால் வெப்பமாற்றியின் பழுதைப் பொறுத்துக்கொள்வதற்கு இடமே இல்லை. உள்ளே எண்ணெய் வாடை வந்தால் எச்சரிக்கை கிடைத்தது எனலாம். வாடையே வராதபோதும் ஆபத்து இருக்கக்கூடும்.

இரண்டாவது ஆபத்து கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். புகைவழியை ஒட்டிய பழைய வெப்பத்தடுப்புப் பொருள்களில் கல்நார் இருக்க வாய்ப்புண்டு. கண்ணால் மட்டும் பார்த்து அதைக் கண்ணாடியிழையிலிருந்து பிரித்தறிய முடியாது. நுண்ணோக்கிச் சோதனை வேண்டும். பிரிட்டன் 1999இல் இதன் பயன்பாட்டை முற்றாகத் தடைசெய்தது. இந்தியாவில் முழுத் தடை இல்லை. எனினும் 1995ஆம் ஆண்டு நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடுத்த வழக்கில், கல்நார்த் தொழிலாளரின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு பெரிய ஆலைகளை மனத்தில் கொண்டது. பட்டறையில் முகமூடியின்றிப் பழைய குழாயைப் பிய்த்து, காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடும் உதவியாளும் தொழிலாளியே. வண்டியின் உரிமையாளர் அசல் பற்றிப் பேசும்போது, அவருக்காக மூச்சுவிடுபவர் யார் என்பதையும் கேட்கவேண்டும்.

5. அசல் என்பதன் வரையறை

நினைவுச்சின்னங்களுக்கான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், இழந்த பகுதிக்கு ஈடாகச் சேர்க்கப்படுவது முழுமையோடு இயைந்திருக்கவேண்டும், அதே வேளையில் பழையதிலிருந்து பிரித்தறியத்தக்கதாகவும் இருக்கவேண்டும் என்ற நெறியை வகுத்தது. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு இதே சிந்தனைமரபில் டூரின் சாசனத்தை உருவாக்கி 2013இல் உறுதிசெய்தது. மாற்றிய உறுப்புகளில் நிலையான அடையாளம் இடுவதை அது பரிந்துரைக்கிறது.

1994இல் உருவான நாரா ஆவணம் வேறொரு கோணத்தைச் சேர்த்தது. அசல்தன்மையை ஒரே அளவுகோலால் எல்லாப் பண்பாடுகளிலும் அளக்கவியலாது என்று அது ஏற்றது. இந்தியர்க்கு இது எளிதில் விளங்கும். பூரி ஜகந்நாதர் கோயிலில் நவகளேபரத்தின்போது மரத்திருமேனிகள் புதிதாக்கப்படுகின்றன; கடைசியாக 2015இல் அது நிகழ்ந்தது. பழையவை கோயில் வளாகத்திலேயே முறைப்படி அடக்கம் செய்யப்படுகின்றன. பொருள் மாறுகிறது, வடிவமும் தொடர்ச்சியும் நிற்கின்றன, நீக்கப்பட்டதற்கும் உரிய இடம் உண்டு.

இந்தியச் சட்டத்தின் நிலை என்ன? 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப்பதிவு முறையை ஏற்படுத்தியது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்கவேண்டும். அசல் வடிவில் பேணப்பட்டிருக்கவேண்டும். சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. பதிவெண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் இடம்பெறும். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும்.

இவ்வரையறையில் காற்றுக்குழாய் இல்லை. சட்டத்தின் கண்ணில் அதை எப்படி மாற்றினாலும் வண்டி அசலே. ஆனால் பீட்டிலின் கதவடிச் சட்டம் காற்றுக்குழாயும் ஆகும், உடற்கூடும் ஆகும். துருப்பிடித்த அதை வெட்டி அதே வடிவில் புதிய எஃகைப் பற்றவைப்பது பேணலா, மாற்றமா? விதியின் சொற்கள் இதற்கு நேரடி விடை தரவில்லை. உறுப்புகளைப் பட்டியலிட்டு அசலை வரையறுக்க முனையும் எந்தச் சட்டமும், இருவேலை செய்யும் இத்தகைய உறுப்பில் தடுமாறவே செய்யும்.

6. பழுதா, மாற்றா?

என் நிலைப்பாடு இது: காற்றுவழி முழுமைக்கும் ஒரே விடை கிடையாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே முடிவெடுக்கவேண்டும்.

எஞ்சின் அறையிலுள்ள அட்டைக்குழாய் ஓடும் வண்டியில் மாற்றப்படவேண்டியது. அது கிழிந்தால் எஞ்சினைக் குளிர்விக்கவேண்டிய காற்றின் ஒரு பகுதி வீணாகும். அருகே பெட்ரோல் குழாயும் உள்ளது. வெப்பமாற்றியில் ஐயம் எழுந்தாலே மாற்றவேண்டும். கதவடிச் சட்டத்தில் துருவேறிய பகுதியை மட்டும் நீக்கி, நல்ல எஃகை விட்டுவைக்கலாம். முன்கண்ணாடிக்கு ஏறும் குழாய்களில் வெப்பமும் குறைவு, ஆபத்தும் குறைவு. பழுதுபார்த்துக் காக்கத் தகுந்தவை இவையே.

பழுதுபார்க்கும் முறையைத் தாள் பாதுகாப்பாளரிடமிருந்து கற்கலாம். ஜப்பானிய கோசோ தாளைக் கோதுமை மாவுப்பசையால் உட்புறம் ஒட்டி வலுவூட்டுவது, தேவைப்பட்டால் பிரித்தெடுக்கக்கூடிய முறை. காட்சிக்கூடத்தில் உலர்ந்து நிற்கும் வண்டிக்கு அது ஏற்றது. மழைக்கால ஈரத்தில் ஓடும் வண்டியில் மாவுப்பசை பூஞ்சையையும் பூச்சியையும் அழைக்கும். அங்கே பழைய குழாயை அச்சாகக் கொண்டு, மெல்லிய படலம் சுற்றி, அதன்மேல் கண்ணாடியிழைத் துணியும் பிசினும் அடுக்கி, நீளவாக்கில் ஒரு கோட்டில் வெட்டிக் கழற்றி மீண்டும் மூடுவது நல்லது. அச்சு சேதமின்றிப் பிழைக்கும்.

பிசினைத் தேர்வதில் கவனம் வேண்டும். அறைவெப்பத்தில் இறுகும் எப்பாக்சி வகைகள் பல 50 முதல் 60 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்கும். முப்பரிமாண அச்சில் பரவலாகப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கும் ஏறத்தாழ 60 பாகையில் வடிவிழக்கும். வெயிலில் கதவடைத்து நிற்கும் காரின் முன்பலகை ஹீட்டரே இல்லாமல் அந்த வெப்பத்தை எட்டிவிடும். எஞ்சின் அருகே சிலிகோன் பூசிய கண்ணாடியிழைக்குழாய் போன்ற உயர்வெப்பம் தாங்குபவையே ஏற்றவை.

எந்த முடிவெடுத்தாலும் கழற்றுவதற்கு முன் ஒளிப்படம், உள்விட்டம், நீளம், வளைவு, அடுக்குகளின் வரிசை ஆகியவற்றைப் பதிவுசெய்யவேண்டும். கல்நார் இல்லை என உறுதியான பின் ஒரு சிறு துண்டையேனும் அமிலமற்ற உறையிலிட்டு, வண்டியின் அடிச்சட்ட எண்ணும் கழற்றிய நாளும் எழுதி, வண்டியின் ஆவணங்களோடு வைக்கவேண்டும். புதிய குழாயின் உட்புறத்தில் செய்த ஆண்டைப் பொறிக்கவேண்டும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஐம்பது ஆண்டுக்குப் பின் அவ்வண்டியை ஆராய்பவர் எது தொழிற்சாலையில் செய்தது, எது பின்னாளில் சேர்ந்தது என்பதை ஐயமின்றி அறிவார்.

பழைய குழாயை மாற்றுவதனால் வரலாறு அழிவதில்லை. மாற்றியதை எழுதிவைக்காமல் விடுவதனால் அழிகிறது. நம் நாட்டுப் பழைய கார் அணிவகுப்புகளில் பங்கேற்கும் வண்டிகளுக்கு மதிப்பெண் இடுவோர் மெருகையும் ஒலியையும் பார்ப்பதோடு, இத்தகைய பழுதுபார்ப்புப் பதிவேட்டையும் ஒரு கூறாகச் சேர்க்கலாம். ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும் மாணவர்கள் அருகிலுள்ள பட்டறைகளுக்குச் சென்று, மூத்த மெக்கானிக்குகள் எந்தப் பொருளுக்கு எதை ஈடாகப் பயன்படுத்தினர் என்பதை அவர்கள் வாய்மொழியாகப் பதிவுசெய்யலாம். அந்த அறிவு எந்தக் கையேட்டிலும் இல்லை. குழாயைப் போலவே அதற்கும் ஆயுள் குறைவு.